முதலில் அரசு கொடுக்கட்டும், முதலாளியிடம் அரசே வசூலிக்கட்டும்

மாண்புமிகு தமிழ்நாடு தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம்.

கோவையில் பவர் பிரஸ் பட்டறைகள் அடுத்தடுத்து இருக்கும் ஒரு பகுதியிலிருந்து இதை எழுதுகிறேன். பம்ப்செட்டுக்கும் கிரைண்டருக்கும் மோட்டாருக்கும் வேண்டிய தகடு பாகங்களை ஜாப் ஒர்க்காக அடித்துக் கொடுக்கும் பட்டறைகள். அப்படி ஒன்றில் பல வருடம் ஆபீஸ் வேலை பார்த்தேன், சம்பளக் கணக்கு எழுதியது நான்தான். இப்போது அடிபட்ட தொழிலாளர்களுக்கு மனு எழுதித் தருகிறேன். ஆஸ்பத்திரிக்கும் தொழிலாளர் துணை ஆணையர் அலுவலகத்துக்கும் அவர்களோடு துணைக்குப் போகிறேன்.

உங்களிடம் கேட்க வந்தது ஒன்றுதான். வேலை செய்யும்போது கை போனவருக்குச் சட்டப்படி சேர வேண்டிய இழப்பீட்டை முதலில் அரசு கொடுத்துவிட வேண்டும். அதை முதலாளியிடம் வசூலிக்கும் பொறுப்பையும் அரசே ஏற்க வேண்டும். இன்று அந்த வசூல் வேலையைக் கை போனவர்தான் அலைந்து செய்துகொண்டிருக்கிறார்.

பிரஸ்ஸில் விரல் போவது கவனக்குறைவால் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். ஷிப்டுக்கு இத்தனை ஆயிரம் பீஸ் என்று கணக்கு இருக்கிறது. தகட்டைக் கீழே இருக்கும் அச்சான டையில் வைக்க வேண்டும், பெடலை மிதிக்க வேண்டும், மேலிருந்து அடிக்கும் பஞ்ச் இறங்கி ஏறியதும் அடித்த பீஸை எடுத்துவிட்டு அடுத்த தகட்டை வைக்க வேண்டும். நாள் முழுக்க இதே வேலை. இரண்டு கைக்கும் இரண்டு பட்டன் வைத்த மெஷினில் கை உள்ளே போக வழியில்லை, இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் பிரஸ் அடிக்கும். ஆனால் அதில் பீஸ் குறையும். அதனால் பட்டனைக் கழற்றிவிட்டுப் பெடல் போடுகிறார்கள், இல்லாவிட்டால் ஒரு பட்டனில் குச்சியைச் செருகிவிடுகிறார்கள். கை உள்ளே போகாமல் தடுக்க முன்னால் இருக்க வேண்டிய தடுப்பு, அதாவது கார்டு, சுவரோரம் சாய்ந்து கிடக்கும், இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது என்று தகவல் வந்தால் மாட்டுவார்கள். பழைய மெஷினில் கிளட்ச் கீ தேய்ந்திருந்தால் ஒருமுறை மிதித்ததற்கு இரண்டு முறை இறங்கும். ‘டபுள் அடிச்சிருச்சு’ என்பார்கள். முதல் அடி முடிந்தது என்று நம்பிக் கையை உள்ளே விட்டவருக்கு இரண்டாவது அடி வருவது எப்படித் தெரியும்?

இந்தக் கார்டு விஷயம் பின்னால் வழக்கிலும் வருகிறது. பாதுகாப்புக்காக வைத்த கருவியைத் தொழிலாளி வேண்டுமென்றே அகற்றினார் என்று முதலாளி காட்டிவிட்டால், பகுதி ஊனத்துக்கு இழப்பீடு தர வேண்டியதில்லை என்று எங்கள் வழக்குகள் நடக்கும் 1923ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் 3ஆவது பிரிவு சொல்கிறது. மரணத்துக்கும் முழு நிரந்தர ஊனத்துக்கும் மட்டும் அந்தச் சாக்குச் செல்லாது. அதாவது கார்டைக் கழற்றச் சொன்ன சூப்பர்வைசரே வந்து, ‘அவராகத்தான் கழற்றினார்’ என்று சாட்சி சொன்னால், நான்கு விரல் போனவர் கூட வெறுங்கையோடு திரும்ப வேண்டி வரலாம். அவருக்காகச் சாட்சி சொல்ல வேண்டியவர்கள் அதே பட்டறையில் மறுநாள் காலை பெடல் மிதிக்க வேண்டியவர்கள்.

சட்டத்தில் இருக்கிற கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலான தொழிலாளர்களுக்கு இது தெரியாது. ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு இல்லாதவருக்கு 1923ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டம்தான் கதி. முழு நிரந்தர ஊனம் என்றால் மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை வயதுக்கேற்ற ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். 30 வயதுக்கு அந்த எண் 207.98. சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு 15,000 ரூபாய்க்கு மேல் எடுக்க மாட்டார்கள். 2020 ஜனவரியில் வைத்த உச்சவரம்பு அது, அதற்கு முன்னால் 8,000 ரூபாய். ஆக 30 வயதுக்காரருக்கு முழு ஊனத்தின் தொகை 18,71,820 ரூபாய். பகுதி ஊனமென்றால் அட்டவணையில் உள்ள சதவீதம்: ஒரு கையில் நான்கு விரல் போனால் 50, மூன்று போனால் 30, இரண்டு போனால் 20, கட்டை விரல் மட்டும் போனால் 30. இரண்டு விரல் இழந்த அந்த 30 வயதுக்காரருக்கு 3,74,364 ரூபாய் வர வேண்டும். தீர்ப்பு வரும் வரை சும்மா விடவும் சட்டம் சொல்லவில்லை. வேலைக்குப் போக முடியாத காலத்துக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாதச் சம்பளத்தில் கால் பங்கு தர வேண்டும், ஆஸ்பத்திரிச் செலவைத் தனியாகத் தர வேண்டும். இழப்பீட்டை ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தடித்தால் 12 சதவீத வட்டி, தகுந்த காரணம் இல்லையென்றால் 50 சதவீதம் வரை அபராதமும் உண்டு. விபத்து நடந்த அன்றே பணம் பாக்கியாகிவிடுகிறது என்று 1975இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒடிசாவில் இடது கையை இழந்த ஒரு தச்சர் தொடர்ந்த வழக்கு அது. ஒரு கை இல்லாமல் தச்சு வேலை செய்ய முடியாது, எனவே அவருக்கு அது முழு ஊனம்தான் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது.

காகிதத்தில் இவ்வளவும் இருக்கிறது. பதினைந்து நாள் பணத்தை ஒரு முதலாளி தானாக முன்வந்து கொடுத்து நான் பார்த்ததில்லை.

விபத்து நடந்த அன்று என்ன ஆகிறது என்று சொல்கிறேன். கையைத் துணியில் சுற்றி, மேஸ்திரியோ முதலாளியின் தம்பியோ பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறார்கள். அங்கே சேர்க்கும்போது எப்படி அடிபட்டது என்று கேட்கிறார்கள். வலியில் கிடப்பவர் பதில் சொல்வதற்குள் கூட வந்தவர் சொல்லிவிடுகிறார்: வீட்டில் கிரைண்டரில் மாட்டியது, பைக்கிலிருந்து விழுந்தது, கதவில் நசுங்கியது. ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகலான ஏ.ஆர். காப்பியில் அதுதான் ஏறுகிறது. தையல் போட்டுக் கட்டுக்கட்டி அனுப்பும் வரை செலவைப் பட்டறை பார்த்துக்கொள்கிறது. அந்த நன்றியில், ‘நம்ம ஓனர் நல்லவர்’ என்று வீட்டில் பேசிக்கொண்டிருப்பார்கள். கட்டுப் பிரித்து, விரல் திரும்பி வரப்போவதில்லை என்று தெரிந்து, இழப்பீடு என்று ஒன்று இருப்பதாக யாரோ சொல்லி என்னிடம் வரும்போது அந்த ஏ.ஆர். காப்பிதான் எங்களுக்கு எதிராக முதலில் வந்து நிற்கிறது. பட்டறையில் நடந்தது என்று நிரூபிக்கும் சுமை தொழிலாளி தலையில் விழுகிறது. சம்பளம் கையில் கொடுத்திருப்பார்கள். வருகைப் பதிவேடான மஸ்டரில் பெயர் இருக்காது. கூகுள் பேயில் வாரா வாரம் வந்த பணம்தான் பல வழக்கில் எங்களுக்குக் கிடைத்த ஒரே ஆதாரம்.

ஈ.எஸ்.ஐ. இருப்பவர் நிலை இதைவிட எவ்வளவோ மேல். சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு. வேலைக்குப் போகாத காலம் முழுக்கச் சம்பளத்தில் 90 சதவீதம் வரும். அதன் பிறகு மெடிக்கல் போர்டு சொல்லும் சதவீதத்துக்கு ஏற்ப ஆயுள் முழுக்க மாதப் பணம். நாளுக்கு 600 ரூபாய் சம்பளம் வாங்கி இரண்டு விரல் இழந்தவருக்கு 20 சதவீதம் போட்டால் நாளுக்கு 108 ரூபாய், மாதத்துக்கு 3,240 ரூபாய். பெரிய தொகை இல்லைதான், ஆனால் யார் காலிலும் விழாமல் வங்கிக் கணக்கில் மாதா மாதம் வருகிறது. பத்துப் பேருக்கு மேல் இருந்தும் ஈ.எஸ்.ஐ. கட்டாத பட்டறைகளில்தான் சிக்கல். விபத்து நடந்த மறுநாள் அவசரமாகப் பதிவு செய்வார்கள், சேர்ந்த தேதியை மட்டும் விபத்துக்கு முந்தைய தேதியாகப் போடுவார்கள். ஈ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன் சந்தேகப்பட்டு விசாரிக்கும். விசாரணை முடியும் வரை பணம் நிற்கும். தொழிலாளர் துறைக்குப் போனால், ‘நீங்கள் ஈ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருகிறவர், இங்கே கேட்க முடியாது’ என்பார்கள். ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 53ஆவது பிரிவு அப்படித்தான் இருக்கிறது. இரண்டு அலுவலகத்துக்கும் நடுவில் பஸ் ஏறி இறங்கிக் களைத்து, வழக்கே வேண்டாம் என்று விட்டவர்களை எனக்குத் தெரியும். 21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கும், மெஷினில் டையைப் பொருத்தும் டை செட்டர் கதை இன்னொரு விதம். ஈ.எஸ்.ஐ. வரம்பைத் தாண்டிவிட்டார், இழப்பீட்டுச் சட்டமோ அவர் சம்பளத்தை 15,000 என்றுதான் எடுத்துக்கொள்ளும். தொழில் கற்று முன்னேறியதற்கு இதுதான் பலன். இதே ஆள் அவிநாசி ரோட்டில் பஸ் மோதிக் கையை இழந்திருந்தால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் அவருடைய உண்மையான வருமானத்தை வைத்துக் கணக்குப் போடும். விரலை மட்டும் எண்ணாமல், அந்த விரல் இல்லாமல் அவரால் தன் தொழிலைச் செய்ய முடியுமா என்றும் பார்க்கும். 2010இல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் பார்க்கச் சொன்னது. சாலையில் போன கைக்கு ஒரு மதிப்பு, பட்டறையில் போன கைக்கு ஒரு மதிப்பு.

பணம் தாமதமானால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு ஒரு வீட்டைக் காட்டுகிறேன். அவர் பெயர் வேண்டாம். வலது கையில் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் போய்விட்டன. ரேஷன் கடையில் கைரேகை வைக்கச் சொன்னார்கள், பதிந்திருந்த விரல்கள் இப்போது இல்லை. மற்ற விரல்களில் வருடக்கணக்கில் தகடு பிடித்து ரேகை தேய்ந்திருந்ததால் மெஷின் எடுக்கவில்லை. அந்த மாதம் மனைவி ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போய் வரிசையில் நின்று அரிசி வாங்கினார். வங்கியில் இடது கையால் போட்ட கையெழுத்துப் பொருந்தவில்லை என்று பணம் எடுக்கும் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். இருந்த சேமிப்பையே எடுக்க முடியவில்லை. வட்டிக்கு விடுபவர்தான் கையெழுத்து எப்படி இருந்தாலும் வாங்கிக்கொண்டார். முதல் மாதத்தில் மனைவியின் கம்மல் அடகுக்குப் போனது. மூன்றாவது மாதம் மூத்த மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி ஸ்பின்னிங் மில்லுக்கு அனுப்பலாமா என்ற பேச்சு வந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகை கிடைக்குமே என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அதற்கெல்லாம் குறைந்தது 40 சதவீத ஊனம் வேண்டும், இரண்டு விரல் போனவருக்குப் பெரும்பாலும் சான்றிதழில் அந்த அளவு வருவதில்லை. அவர் வழக்கு இன்னும் நடக்கிறது. ஒருநாள் அவர் வெல்வார், வட்டியோடு பணமும் வரலாம். ஆனால் அந்த மூன்று மாதத்தில் வீட்டை விட்டுப் போனதை 12 சதவீத வட்டி திருப்பித் தராது.

வடமாநிலத்துப் பையன்கள் நிலை இன்னும் மோசம். பீகாரிலிருந்து வந்த ஒரு பையனுக்கு, கட்டுப் பிரிப்பதற்கு முன்பே தன்பாத் எக்ஸ்பிரஸுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். கையில் கொஞ்சம் பணமும் கொடுத்து, முத்திரைத்தாளில் இடது கைப் பெருவிரல் ரேகை வாங்கிக்கொண்டார்கள். அதில் தமிழில் எழுதியிருந்தது: ‘எனக்குச் சேர வேண்டிய அனைத்தும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தப் பாக்கியும் இல்லை.’ அந்தப் பையனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அந்தத் தாள் செல்லாது. உரிமையை விட்டுக்கொடுத்து எழுதித் தரும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று சட்டத்தின் 17ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. சொந்த ஊரில் இருந்துகொண்டே அங்குள்ள ஆணையரிடம் மனு போடவும் முடியும். அதை அவனுக்கு யார் சொல்வது? வேலைக்குச் சேர்க்கும்போதே இழப்பீட்டு உரிமை பற்றி அவரவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், தவறினால் குறைந்தது 50,000 ரூபாய் அபராதம் என்று 2017இல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். இந்தப் பகுதியில் அப்படி ஒரு காகிதத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை. அதற்காக அபராதம் கட்டிய முதலாளியையும் பார்த்ததில்லை.

முதலாளிகள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். சம்பளக் கணக்கு எழுதியவளுக்கு அந்தப் பக்கமும் தெரியும். எட்டுப் பத்துப் பேரை வைத்து மூன்று பிரஸ் ஓட்டும் ஜாப் ஒர்க் முதலாளி பலர் நேற்று வரை தொழிலாளியாக இருந்தவர்கள். பெரிய கம்பெனியிடமிருந்து பில் பணம் மூன்று மாதம் கழித்துத்தான் வரும். மெஷின் மேல் கடன் இருக்கும், மின்கட்டணம் ஏறியிருக்கும். திடீரென்று ஒரு நாள் மூன்றரை லட்சமோ ஒன்பது லட்சமோ எடுத்து வை என்றால் அவரிடம் இருக்காது. இல்லாததால்தான் பொய் சொல்கிறார், ஏ.ஆர். காப்பியை மாற்றுகிறார், தீர்ப்பு வந்ததும் பட்டறையை மூடி மச்சான் பெயரில் அடுத்த தெருவில் திறக்கிறார். நான் அவரை நியாயப்படுத்தவில்லை. அவர் ஏய்த்த பணம் ஒரு குடும்பத்தின் சோறு. ஆனால் ஏழைத் தொழிலாளியை நொடித்துப்போன முதலாளியிடம் பணம் பிடுங்க அனுப்பும் ஏற்பாடு எந்தக் காலத்திலும் ஒழுங்காக வேலை செய்யாது. 1924 ஜூலையில் இந்தச் சட்டம் அமலுக்கு வந்தது, நூறு வருடம் தாண்டிவிட்டது.

எனவே நான் கேட்பது இதுதான். விபத்து நடந்ததும் தகவல் தரும் கடமை ஏற்கெனவே இருக்கிறது. உறுப்பு இழப்பு போன்ற கடுமையான காயம் ஏற்பட்டால் ஏழு நாளுக்குள் ஆணையருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும் என்று 10-பி பிரிவு சொல்கிறது. அந்த அறிக்கையோ, ஆஸ்பத்திரியின் தகவலோ, தொழிலாளியின் மனுவோ எது முதலில் வந்தாலும் அந்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் அட்டவணைத் தொகையில் பாதியையாவது அரசு தொழிலாளியின் கணக்கில் போட வேண்டும். எத்தனை விரல் போனது என்று சொல்ல மெடிக்கல் போர்டு வேண்டியதில்லை, அரசு மருத்துவமனை டாக்டரின் ஒரு சான்று போதும். மீதியை ஆணையரின் உத்தரவுக்குப் பிறகு கொடுக்கலாம். கொடுத்த தொகையை வட்டியோடும் அபராதத்தோடும் முதலாளியிடமிருந்து அரசு வசூலிக்க வேண்டும். நில வருவாய்ப் பாக்கி போல வசூலிக்கும் அதிகாரம் 31ஆவது பிரிவில் இருக்கிறது. இன்று தொழிலாளி தாசில்தார் அலுவலக வாசலில் நின்று அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தச் சொல்லிக் கெஞ்சுகிறார். பணம் அரசுடையது என்றால் கோப்பு இவ்வளவு நாள் மேசையில் தூங்காது என்று நம்புகிறேன்.

இது நடக்காத காரியம் என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 68ஆவது பிரிவைப் பார்க்கச் சொல்லுங்கள். முதலாளி பங்களிப்புக் கட்டத் தவறியதால் தொழிலாளிக்குப் பணம் கிடைக்காமல் போனால், கார்ப்பரேஷன் அதைக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்கலாம் என்று அதில் இருக்கிறது. தமிழ்நாடு அரசே 2021 டிசம்பரில் ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தைக் கொண்டுவந்தது. சாலை விபத்தில் அடிபட்டவர் எந்த மாநிலத்தவர், யார் மேல் தப்பு, இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்காமல் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. அதே மனதோடு பட்டறை வாசலையும் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். முதலில் போடும் பணத்துக்குத் தமிழ்நாடு தொழிலாளர் நல நிதியிலிருந்து ஒரு பங்கை ஒதுக்கலாம், வசூலாகும் அபராதத்தையும் அதிலேயே சேர்க்கலாம். சில பொய் மனுக்கள் வராதா என்றால், வரலாம். வெட்டுப்பட்ட விரலைப் பொய்யாகக் காட்ட முடியாது. எங்கே வெட்டுப்பட்டது என்பதைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அதிகாரி ஒரு வாரத்துக்குள் பட்டறைக்குப் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். இப்போது யாரும் போவதில்லை என்பதால்தான் ஏ.ஆர். காப்பியில் வீட்டுக் கிரைண்டர் வருகிறது.

இதோடு சேர்ந்த ஒரு காரியம், இன்சூரன்ஸ். பட்டறையில் சரக்கு ஏற்றும் டாடா ஏஸ் இன்சூரன்ஸ் இல்லாமல் ரோட்டுக்கு வரக் கூடாது, போலீஸ் பிடிக்கும். உள்ளே அறுபது டன் பிரஸ் எந்த இன்சூரன்ஸும் இல்லாமல் இரண்டு ஷிப்ட் ஓடுகிறது, கேட்பாரில்லை. ஈ.எஸ்.ஐ. வரம்புக்குள் வராத ஒவ்வொரு பட்டறையும் தன் தொழிலாளர்களுக்கு இழப்பீட்டு பாலிசி எடுத்திருக்க வேண்டும், அதைக் காட்டினால்தான் உரிமம் புதுப்பிக்கப்படும் என்று செய்யுங்கள். சின்ன முதலாளியை நொடிக்காமல் காப்பதும் இதுதான். வருடம் ஒருமுறை கட்டும் பிரீமியத்தை அவரால் தாங்க முடியும், திடீரென்று விழும் ஒன்பது லட்சத்தைத் தாங்க முடியாது.

தொழிலாளி இறந்துவிட்டதாகத் தகவல் கிடைத்தால் ஆணையர் தானாகவே முதலாளிக்கு நோட்டீஸ் அனுப்பி விளக்கம் கேட்கலாம். 10-ஏ பிரிவு அந்த அதிகாரத்தைத் தருகிறது. கை போனால் அப்படி இல்லை, தொழிலாளி மனு போட வேண்டும், அதுவும் 1923 சட்டப்படி இரண்டு வருடத்துக்குள். உயிரோடு இருப்பவர் தானே வந்து கேட்டுக்கொள்வார் என்று நினைத்திருப்பார்கள் போலும். நிரந்தர ஊனத்துக்கும் ஆணையரே நோட்டீஸ் அனுப்ப வழி செய்ய வேண்டும்.

பணத்துக்கு அடுத்தது வேலை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆவது பிரிவில், அரசு நிறுவனத்தில் வேலை பார்க்கும்போது ஊனமடைந்தவரை வேலையை விட்டு அனுப்பவோ பதவி இறக்கவோ கூடாது என்று இருக்கிறது. பழைய வேலையைச் செய்ய முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும், அதுவும் இல்லையென்றால் உபரிப் பணியிடம் ஒன்றை உண்டாக்கி வைத்திருக்க வேண்டும். எவ்வளவு நல்ல சட்டம்! அரசு பஸ் ஓட்டுநருக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு. தனியார் பட்டறைத் தொழிலாளிக்கு இல்லை. தொடர்ந்த உடல்நலக் குறைவால் வேலையை விட்டு அனுப்பினால் அது ஆட்குறைப்பில் சேராது என்று தொழில் தகராறுச் சட்டம் வரையறுத்தது, அதனால் அந்த இழப்பீடும் வராது. ஊனத்தால் வேலை போனால் ஐந்து வருடம் முடியாவிட்டாலும் கிராஜுவிட்டி உண்டு என்பது மட்டும் ஒரு சின்ன ஆறுதல், அதையும் கேட்டால்தான் தருவார்கள். எட்டுப் பேர் பட்டறையில் உபரிப் பணியிடம் கேட்பது நியாயமில்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் நூறு பேருக்கு மேல் வேலை பார்க்கும் கம்பெனிகளில் ஸ்டோர்ஸ், தரச் சோதனை, பேக்கிங், கேட் என்று இரண்டு விரல் இல்லாதவர் முழுத் திறமையோடு செய்யக்கூடிய வேலைகள் இருக்கின்றன. பதினைந்து வருடம் பிரஸ் ஓட்டியவருக்குத் தகட்டைத் தொட்டாலே பிசிறு எங்கே என்று தெரியும். அவரை விட நல்ல செக்கிங் ஆள் யார் கிடைப்பார்? உங்கள் துறையின் பெயரிலேயே திறன் மேம்பாடு இருக்கிறது. தொழிற்பயிற்சி நிலையங்களில் இவர்களுக்கென்று மூன்று மாதப் பயிற்சியும், பயிற்சிக் காலத்துக்கு உதவித்தொகையும் கொடுக்க உங்களால் முடியும்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களும் நடைமுறைக்கு வந்துவிட்டதாக ஒன்றிய அரசு அறிவித்தது. 1923 சட்டமும் ஈ.எஸ்.ஐ. சட்டமும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டன. எங்கள் கையில் இருக்கும் வழக்குகள் பழைய சட்டத்தில் நடப்பவை என்பதால் அந்தப் பிரிவு எண்களையே இங்கே சொன்னேன். 60 சதவீதம், வயது எண், விரல் கணக்கு என்ற அடிப்படை புதிய சட்டத்திலும் அப்படியே இருக்கிறது. 15,000 ரூபாய் உச்சவரம்பை உயர்த்துவது டில்லியின் கையில் இருக்கிறது என்பது தெரியும். விலைவாசிக்கேற்ப வருடா வருடம் அது தானாக உயர வேண்டும் என்று தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டு அனுப்பலாம். மற்றவற்றுக்கு டில்லியைக் காட்ட வேண்டாம். தொழிலாளர் நலம் பொதுப்பட்டியலில் இருக்கிறது, தொகுப்புச் சட்டங்களின் கீழ் மாநிலத்துக்கு விதிகள் எழுதும் அதிகாரம் இருக்கிறது, தொழிலாளர் நல நிதி மாநிலத்தினுடையது, உரிமம் கொடுப்பதும் மாநிலம்தான். கட்டடத் தொழிலாளர்களுக்கு 1994இலேயே தனி நல வாரியம் அமைத்த மாநிலம் இது.

அடுத்த மானியக் கோரிக்கையின்போது இந்த முன்பண நிதியை அறிவியுங்கள் என்பது என் வேண்டுகோள். ஒரே நாளில் மாநிலம் முழுவதும் தொடங்க முடியாது என்றால் கோவை, அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் என்று பிரஸ் அதிகம் இருக்கும் நான்கு இடங்களில் முதலில் தொடங்குங்கள். ஒரு வருடம் நடத்தி, எவ்வளவு கொடுத்தோம், எவ்வளவு வசூலானது என்று கணக்கை வெளியிடுங்கள். எங்களிடம் இருக்கும் மனுக்கள், ஏ.ஆர். காப்பிகள், ஆணையரின் உத்தரவுகள், இன்னும் வசூலாகாத தொகைகளின் பட்டியல் எல்லாவற்றையும் சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடு, பெயர்களை மறைத்து, நகலெடுத்து வைத்திருக்கிறேன். அவற்றை யாரிடம், எந்தத் தேதியில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று உங்கள் அலுவலகம் தெரிவித்தால் அடிபட்டவர்களில் வர முடிந்தவர்களையும் அழைத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
பட்டறைத் தொழிலாளர்களுக்கு மனு எழுதித் தரும் ஒரு பெண்,
கோயம்புத்தூர்.